அம்மாவுக்குத் திருவிருந்து கிடைக்கச் செய்தவர்களுக்கு நன்றி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் லூத்தரன் சபையார் அனைவருக்கும், செந்தூலில் எங்கள் அடுக்குமாடி அண்டை வீட்டாருக்கும், மருத்துவமனையில் எங்களுக்கு உதவிய சகோதரிக்கும் அன்பின் ஸ்தோத்திரம்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும், வலப்பக்கம் விழுந்ததும், பேச்சு போனதும் உங்களுக்குத் தெரியும். ஜெபித்தீர்கள், முறைபோட்டுச் சோறு கொண்டுவந்தீர்கள், கிராப் வாடகைக் கார் காசுக்குக்கூட உறை கொடுத்தீர்கள். அதற்கெல்லாம் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டோம். இந்த மடல் வேறொன்றுக்காக. படுக்கையில் கிடந்த காலம் முழுவதும், ஆராதனையில் அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்து இல்லாமல் அம்மா இருக்க நீங்கள் விடவில்லை. அதற்காகத்தான்.

முதலில் அந்த மருத்துவமனைச் சகோதரி. அம்மாவுக்கு விழுங்குவது சிரமம். தண்ணீர்கூடக் கெட்டியாக்கும் மாவு கலந்துதான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று எச்சரித்திருந்தார்கள். இந்த நிலையில் காய்ந்த அப்பமும் திராட்சரசமும் எப்படிக் கொடுப்பது? தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். விழுங்கும் பயிற்சி கொடுத்த அந்த மலாய்ப் பெண் சிரிக்கவில்லை, "அதெல்லாம் எதற்கு இப்போது" என்றும் சொல்லவில்லை. எவ்வளவு பெரியது, எதில் செய்தது, எவ்வளவு நேரத்தில் கரையும் என்று விவரமாகக் கேட்டார். அடுத்த முறை போகும்போது, ஆராதனைக்கு இன்னும் எடுக்காத அப்பம் ஒன்றைச் சபையிலிருந்து வாங்கிக்கொண்டு போனோம். அரிசி அளவு கிள்ளி, கரண்டியில் நனைத்து, கூழாக்கி, அம்மாவை நிமிர்ந்து உட்காரவைத்து, தொண்டையில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த அளவு போதும், இதற்கு மேல் வேண்டாம்" என்றார். தன் மதமில்லாத ஒரு காரியத்துக்கு அவர் காட்டிய மரியாதையை எங்கள் குடும்பம் மறக்காது.

அப்புறம் நம் போதகர் ஐயா. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் செந்தூலுக்கு வந்துவிடுவார். அவசரமாக ஊட்டிவிட்டுப் போகிறவர் அல்ல அவர். அம்மாவின் கட்டிலருகே சின்ன மேசையில் வெள்ளைத்துணி விரித்து, பாவ அறிக்கை, பாவமன்னிப்பு, திருவிருந்தை ஏற்படுத்திய வார்த்தைகள், கர்த்தருடைய ஜெபம், ஆசீர்வாதம் என்று கோயிலில் நடப்பதுபோலவே நடத்துவார். அப்பத்தோடும் ரசத்தோடும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே நமக்குக் கொடுக்கப்படுகின்றன என்பது நாம் சின்ன வயதில் மனப்பாடம் செய்த பாடம்தான். கரண்டியில் மிஞ்சிய துளியை அவரே உட்கொண்டு, கிண்ணத்தைத் துடைத்து வைத்ததைப் பார்த்தபோது அந்தப் பாடம் எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது. பருக்கை அளவு வாங்கினாலும் அம்மா வாங்கியது முழுத் திருவிருந்துதான் என்று அவர் அழுத்திச் சொன்னதில் எங்கள் கவலை தீர்ந்தது.

இன்னொரு சிக்கலையும் அவர்தான் தீர்த்துவைத்தார். அம்மா பழைய காலத்து ஆள். வெறும் வயிற்றோடுதான் திருவிருந்துப் பந்திக்குப் போவார். நோய் வந்த பிறகும் ஞாயிறு காலை கஞ்சி நீட்டினால் வாயை இறுக்க மூடிக்கொள்வார். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் என்ன ஆகும்? எங்கள் கெஞ்சல் எதுவும் பலிக்கவில்லை. ஐயா, நம் சபைப் பிரிவுக்கு அடிகோலிய மார்ட்டின் லூத்தரின் சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலை எடுத்துவந்து வாசித்தார். 1529இல் எழுதியது, 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழுக்குக் கொண்டுவந்த ஆரம்ப நூல்களில் அதுவும் ஒன்று. நோன்பு நல்ல வெளி ஒழுங்குதான், ஆனால் 'உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது' என்ற வார்த்தையை நம்புகிறவர்தான் உண்மையில் தகுதியுள்ளவர் என்று அதில் இருக்கிறது. பெற்ற பிள்ளைகள் சொன்னால் கேட்காத அம்மா, லூத்தர் சொன்னால் கேட்டுக்கொண்டார்! அடுத்த ஞாயிறு கஞ்சி உள்ளே போனது.

பாடகர் குழுத் தம்பி தங்கைகளுக்கு: நீங்கள் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் வந்து தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பாடியபோது, ஒரு சொல்லும் பேச வராத அம்மா மெட்டை விடாமல் கூடவே முனகினார். பேச்சு போனாலும் பாட்டு சிலருக்கு நிற்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதைக் காதால் கேட்கவைத்தவர்கள் நீங்கள்.

ஈஸ்டர் ஞாயிறன்று அம்மாவைக் கோயிலுக்கே கூட்டிவர முடிவுசெய்தோம். பார்த்தால், அன்றைக்கென்று பார்த்து லிப்ட் வேலை செய்யவில்லை. கீழ்வீட்டுச் சீன அங்கிளும் அவர் மகனும் சக்கர நாற்காலியோடு அம்மாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கோயில் வாசலில் இளைஞர் ஐக்கியத்தார் பலகை போட்டுக் காத்திருந்தார்கள். உள்ளே ஐயா பீடத்திலிருந்து இறங்கி, முதல் பந்திக்கு முன்பே அம்மாவிடம் வந்தார். பின்வரிசையில் யாரும் முணுமுணுக்கவில்லை. நேரம் ஓடினால் முணுமுணுக்கிற பழக்கம் நம் சபையில் உண்டு என்பதால் சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தின் நன்றியாக, வீட்டுத் திருவிருந்துக்கான சிறிய பெட்டி ஒன்றைச் சபைக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். சின்னக் கிண்ணம், தட்டு, துணி, நனைத்துக் கொடுக்க ஒரு கரண்டி எல்லாம் அதில் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் கோயிலுக்கு வரமுடியாத பெரியவர் இருந்தால், சனிக்கிழமைக்குள் சபைச் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். விழுங்குவதில் சிரமம் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
செந்தூலிலிருந்து ஒரு மகள், குடும்பத்தார் சார்பில்