காட்பாடியில் இறங்கினால் ஊருக்குள்ளும் வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய நகரங்களை ஒட்டி வளர்ந்த ஊர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்திருந்தீர்கள். காட்பாடிக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி, அதுவும் வேலூருக்குப் போகிறவர்கள் இறங்கும் ரயில் நிலையம் என்று. பல வருடங்களாகக் காந்தி நகரில் குடியிருக்கிறவன் நான். படித்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

ரயில் நிலையம் பெரியதுதான், மறுக்கவில்லை. சென்னை–பெங்களூரு பாதையும் விழுப்புரம்–திருப்பதி பாதையும் இங்கே சந்திக்கின்றன. 2022 நவம்பரில் சென்னை–மைசூரு வந்தே பாரத் ஓடத் தொடங்கியபோது நடுவில் அது நின்றது இரண்டே இடங்களில். ஒன்று பெங்களூரு, இன்னொன்று காட்பாடி. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிற நோயாளிகள் இங்குதான் இறங்குகிறார்கள். அவர்களுக்காகவே இந்தி கற்றுக்கொண்ட ஆட்டோக்காரர்கள் ஸ்டேஷன் வாசலில் இருக்கிறார்கள். எல்லாம் சரி. வந்தவர்கள் பாலாற்றைத் தாண்டி வேலூருக்குப் போன பிறகும் இந்தக் கரையில் ஒரு ஊர் இருக்கிறது, அதைத்தான் உங்கள் கட்டுரை பார்க்கவில்லை.

காந்தி நகரில் கிழக்குக் குறுக்குத் தெரு, மேற்குக் குறுக்குத் தெரு என்று எண் போட்ட தெருக்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் ரயில்வேக்காரர்களும் நிறைந்த பகுதி. கழிஞ்சூர், தாராபடவேடு இரண்டும் ஏரி வைத்துப் பயிர் செய்த ஊர்கள். 1984-ல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியதுதான் இன்றைய விஐடி பல்கலைக்கழகம். அது வளர வளர பிரம்மபுரம் பக்கமெல்லாம் மெஸ், விடுதி, வாடகை அறை என்று ஆகிவிட்டது. இங்குள்ள சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றால் தமிழுக்குச் சமமாகத் தெலுங்கும் காதில் விழும். கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஆந்திராதான். கரிகிரியில் 1955-லிருந்து தொழுநோய்க்கு மருத்துவமும் ஆராய்ச்சியும் நடக்கிறது. 1906-ல் காங்கேயநல்லூரில் பிறந்த கிருபானந்த வாரியார் சுவாமிகள், ஊர் ஊராகப் போய்க் கந்த புராணம் சொல்லிவிட்டு, 1993-ல் மறைந்த பிறகு அதே ஊரில்தான் அடங்கியிருக்கிறார். இத்தனையும் உள்ள இடத்தை ஒரு பிளாட்பாரமாகச் சுருக்கலாமா?

சொல்ல வந்த முக்கியமான விஷயம் இனிமேல்தான். வேலூர் 2008-ல் மாநகராட்சி ஆனது. 2011-ல் அதை விரிவாக்கியபோது எங்கள் பகுதிகளும் அதில் சேர்ந்தன. இப்போது நாங்கள் முதல் மண்டலம். காகிதத்தில் சேர்ந்துவிட்டோம், ஆனால் எங்களையும் நகரத்தையும் சேர்க்கிற வழி இன்னும் விருதம்பட்டுப் பக்கத்துப் பாலாற்றுப் பாலம்தான். பள்ளிப் பிள்ளைகளின் வேன், ஆம்புலன்ஸ், ஸ்டேஷன் ஆட்டோ, சித்தூர் லாரி எல்லாம் அந்த ஒரே சாலையில் வந்து வேலூர் பக்கத்துக் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் முட்டி நிற்கின்றன.

மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சத்துவாச்சாரியில் இருக்கிறது. காங்கேயநல்லூர் ஆற்றங்கரையில் நின்றால் எதிர்க்கரைதான் சத்துவாச்சாரி. ஆனால் முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுக்கப் போகிற ஒரு அம்மா விருதம்பட்டு போய், பாலம் தாண்டி, கிரீன் சர்க்கிள் வழியாக நெடுஞ்சாலை பிடித்துத் திரும்ப அந்தக் கரைக்கு வர வேண்டும். ஆறு வறண்டு கிடக்கும்போது மணலில் வண்டியை இறக்கிக் கடந்தவர்கள் உண்டு. 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு அதன் ஆபத்து தெரியும். அங்கே பாலம் கேட்டு இரு கரைக்காரர்களும் எத்தனையோ வருடங்களாக மனு கொடுத்திருக்கிறார்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ அடுக்கம்பாறையில், நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது. வள்ளிமலைச் சாலையிலிருந்து ஒரு பிரசவ கேஸ் அங்கே போக வேண்டுமானால் ரயில்வே மேம்பாலம், பாலாற்றுப் பாலம், பழைய பஸ் ஸ்டாண்ட், பாகாயம் என்று வேலூரை முழுக்க நீளவாக்கில் கடக்க வேண்டும். தனியாரில் கட்ட முடியாதவர்களுக்குத்தான் இந்தத் தூரம். 2022 ஜூனில் ரயில்வே மேம்பாலத்தைப் பழுதுபார்க்க மூடினார்கள். வேலை அவசியமானது, குறை சொல்லவில்லை. ஆனால் சித்தூர் சாலைப் பக்கத்து மக்கள் அப்போது பட்ட பாடு, மாற்று வழி இல்லாமல் ஒரு ஊரை வளரவிட்டால் என்ன ஆகும் என்று காட்டிவிட்டது.

காட்பாடிக்கு ஏதாவது செய்வதாகச் சொல்லும்போதெல்லாம் வந்து போகிற பயணிக்கு என்ன வசதி என்றுதான் பேச்சு தொடங்குகிறது. பயணிக்கும் வேண்டும்தான். இங்கே வீட்டு வரி கட்டுகிறவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

உங்கள் நிருபரை ஒரு வேலை நாள் காலையில், பள்ளி நேரத்தில், விருதம்பட்டில் நிற்கச் சொல்லுங்கள். அப்புறம் காங்கேயநல்லூர்–சத்துவாச்சாரி பாலத்தின் கதையை முதல் மனுவிலிருந்து இன்றைய நிலைவரை ஒரு முழுப் பக்கமாக எழுதுங்கள். ஆற்றின் இரண்டு பக்கமும் இதற்காக அலைந்த பெரியவர்களை எனக்குத் தெரியும். நிருபர் வந்தால் கூடவே வந்து அறிமுகப்படுத்துகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காந்தி நகர், காட்பாடி