'தள்ளாத வயதிலும்' வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுபது வயதைக் கடந்த ஒருவர் பட்டம் பெற்றாலும், மலையேறினாலும், வாக்களிக்க வந்தாலும் செய்தியின் முதல் வரியிலேயே 'தள்ளாத வயதிலும்' என்ற தொடர் வந்துவிடுகிறது. 32 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துநராகப் பணியாற்றிய நானும் அத்தொடரைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன். 68 வயதாகி, அது என்னையும் குறிக்கத் தொடங்கிய பிறகே அதிலுள்ள பிழை புலப்பட்டது. தள்ளாமை என்றால் இயலாமை. ஒன்றைச் செய்து முடித்தவரை, இயலாதவர் என்று சொல்லியா அறிமுகப்படுத்துவது?

பட்டப்படிப்பின் மேல்நிலையை முதுகலை என்றும், தலைமுறைகளின் அனுபவம் திரண்ட வாக்கை முதுமொழி என்றும் சொல்லும் மொழி நம்முடையது. கதிர் முதிர்ந்தால் மகிழ்கிறோம். மனிதர் முதிரும்போது மட்டும், இளமையில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கணக்குப் பார்க்கிறோம்.

என் கண்களுக்குச் சிறிய எழுத்துகள் இப்போது எளிதில் பிடிபடுவதில்லை. ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க முன்னைவிட நேரமாகிறது. ஆனால் ஒரு சொல் தன் இடத்தில் பொருந்தாமல் நிற்பதை உணர்வது நாற்பது வயதில் இருந்ததைவிட இன்று கூர்மையாக இருக்கிறது. இது என் ஆறுதலுக்காக நானே சொல்லிக்கொள்வதன்று. தகவலை விரைந்து கையாளும் திறன் 18, 19 வயதையொட்டி உச்சம் தொடுகிறது என்றும், சொல்வளம் 60களின் பிற்பகுதி வரைகூட வளர்கிறது என்றும் 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உடலும் அப்படியே. சராசரியாக 90 வயதான, தளர்ந்த உடல்நிலையிலிருந்த முதியோருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தபோது அவர்களுடைய கால் தசை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியதாக 1990ஆம் ஆண்டின் மருத்துவ ஆய்வொன்று பதிவு செய்துள்ளது.

மூட்டு வலியையோ, துணையை இழந்தவரின் தனிமையையோ நான் மறுக்கவில்லை. அவற்றைச் சுமப்பவரிடம் போய் உற்சாகமாக இருங்கள் என்று சொல்வது கொடுமை. ஆனால் முதுமையைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணமும் நம் வாழ்நாளோடு தொடர்புடையது. அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 660 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், தம் முதுமையை நல்லவிதமாகக் கருதியவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தது 2002இல் வெளிவந்தது. எது காரணம், எது விளைவு என்று முற்றிலும் பிரித்துவிட முடியாதுதான். எனினும் அந்த எண்ணத்தை நாள்தோறும் உருவாக்குவதில் செய்தித்தாளின் சொற்களுக்கும் பங்குண்டு என்றே நம்புகிறேன்.

எனவே என் வேண்டுகோள் சிறியது. அக்டோபர் 1, உலக முதியோர் நாளில் நோய்களையும் ஓய்வூதியத்தையும் பற்றி எழுதுங்கள், அவை தேவை; கூடவே, இந்த வயதில் புதிதாக எதையேனும் கற்றுக்கொண்டிருப்பவர்களையும் தேடிப் பேசுங்கள். வயதைச் சொல்ல வேண்டியிருந்தால் எண்ணிலேயே சொல்லுங்கள். '74 வயதில் பட்டம் பெற்றார்' என்பது முழுமையான வாக்கியம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்