ஹெல்மெட்டுக்குள் போனை வைத்தவர்களுக்கு

அன்புள்ள ராம்ப் கூட்டத்துக்கு,

போன ஞாயிறு ஸ்கேட்போர்டு போட்டியில் இரண்டாம் இடம் வந்ததிலிருந்து ஆளாளுக்கு வாழ்த்துச் சொல்கிறீர்கள். நான் 'தேங்க்ஸ்' என்ற ஒற்றை வார்த்தையோடு நகர்ந்துவிடுகிறேன். நேரில் எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்கே தெரியும். அதனால்தான் இந்த மடல்.

எட்டு வயதில், வெறுங்காலோடு நான் ஒல்லி (பலகையோடு எம்பிக் குதிப்பது) போட்ட அன்றே மாமல்லபுரத்தில் எங்கள் தெரு முழுக்க 'பிறவித் திறமை' என்று பேச்சு. பதினாலு வயதில் பௌலின் (கிண்ணம் போலக் குழிந்த ஸ்கேட்டிங் தளம்) ஆழமான பக்கத்தில் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. எலும்பு சீக்கிரம் கூடிவிட்டது. ஆனால் நான் விழுந்து அழுததை என் உயிர்த்தோழி வீடியோ எடுத்து, பாட்டுச் சேர்த்துப் பரப்பிவிட்டாள். ஆழமான பக்கம் எனக்குப் பயம் என்று முந்தின வாரம் அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அதையே வீடியோவுக்குத் தலைப்பாக வைத்திருந்தாள். பள்ளிக்கூட வாசலில் முன்பின் தெரியாத பையன்கள் என்னைப் போல அழுது காட்டினார்கள்.

அப்புறம் இரண்டு வருஷம், விடியும் முன்னே தனியாக வந்து ஓட்டுவேன். யாராவது தலைகாட்டினால் பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். நீங்கள் வந்த புதிதிலும் அப்படித்தான் செய்தேன்.

என்ன ஆச்சு என்று நீங்கள் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதற்குத்தான் முதல் நன்றி. ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன், சுவரோரம் மல்லாக்க வைத்த ஒரு ஹெல்மெட்டுக்குள் உங்கள் எல்லாருடைய போனும் கிடந்தது. நான் வரும்போதெல்லாம் கிடந்தது. யார் ஆரம்பித்தது என்று இன்றுவரை சொல்ல மறுக்கிறீர்கள்.

சைக்கிள் கடை அண்ணா, உப்புக் காற்றில் என் பலகையின் சக்கர பேரிங் துருப்பிடித்துக் கரகரத்ததை நான் சொல்லாமலே கண்டுபிடித்தீர்கள். எட்டையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விட்டு, விரல் நுனியில் மாட்டிச் சுற்றிக் காட்டினீர்கள். சத்தமே இல்லை. காசு வாங்கவில்லை. மறுநாள் துணியைக் கையில் கொடுத்து 'நீயே துடைச்சுப் பழகு' என்றீர்களே, அன்று முழுக்க உங்கள் கடையில் உட்கார்ந்திருந்தேன். யாரோடும் அத்தனை நேரம் இருந்து ரொம்ப நாளாகியிருந்தது.

அக்கா, நீங்கள் காட்டிய டோக்கியோ ஒலிம்பிக் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. 2021 ஆகஸ்ட் 4, ஸ்கேட்போர்டில் பெண்கள் 'பார்க்' பிரிவின் இறுதிச் சுற்று. பதினைந்து வயது மிசுகு ஒகமோட்டோ கடைசி ஓட்டத்தில் விழுந்து, நான்காம் இடத்தோடு அழுதுகொண்டு வெளியே வருகிறாள். அவளோடு போட்டி போட்ட பெண்களே ஓடி வந்து அவளைத் தோளில் தூக்கிக்கொள்கிறார்கள். அதிலும் ஒருத்தி விழுகிறாள், அழுகிறாள், கேமரா படம் பிடிக்கிறது. அப்படியும் ஒரு வீடியோ இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அப்புறம் நான் சரிவில் இறங்க நின்ற அந்தச் சனிக்கிழமை. பின் சக்கரங்கள் கோப்பிங்கில் (சரிவின் மேல் விளிம்பு) உட்கார்ந்திருக்கின்றன, பலகையின் மூக்கு அந்தரத்தில் நிற்கிறது. முன்காலை ஓங்கி மிதித்து உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும். பயத்தில் பின்னால் சாய்ந்தால் பலகை மட்டும் ஓடிவிடும், நாம் முதுகில் விழுவோம். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் கால் அசையவில்லை. நம் கூட்டத்தில் நீதான் சரிவில் ஏறி நின்று இரண்டு கையையும் நீட்டினாயடி. ஒன்பது வருஷமாக ஓட்டுகிறேன், அதுவரை யாருக்கும் கை கொடுத்ததில்லை. உன் உள்ளங்கையும் வியர்த்திருந்தது. மூன்றாவது முறை இறங்கும்போது பாதியிலேயே கையை விட்டுவிட்டாய். அதை நான் கீழே போய்ச் சேர்ந்த பிறகுதான் கவனித்தேன்.

அம்மாவுக்கு நன்றியை நேரிலேயே சொல்லிவிட்டேன். அழுதுவிட்டார்.

எனக்கு இன்னும் சில நாள் பழைய பயம் வரும், பேசாமல் போய்விடுவேன். அப்போது கோபப்படாதீர்கள், மறுநாள் வந்துவிடுவேன். ஞாயிறு நான் இறங்கியதை யாராவது எடுத்திருந்தால் எனக்கும் அனுப்புங்கள். முதல் ஓட்டத்தில் விழுந்ததையும் சேர்த்து அனுப்புங்கள், அம்மா பார்க்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
உங்கள் பாப்பா