மரம் பழம் தரும்

காரைக்குடி

அன்புள்ள வள்ளிக்கு,

உன் கடிதமும் ரத்தப் பரிசோதனைத் தாளும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். கானாடுகாத்தான் வீட்டைத் தங்கும் விடுதிக்குக் கேட்கிறார்கள். பங்காளிகள் எல்லோரும் ஒரே பேச்சுக்கு வந்தால்தானே!

சரி, உன் பெண் விஷயம். டாக்டர் சொன்ன பீட்டா தலசீமியா மைனர் என்பது நோய் இல்லை, அவள் கேரியர், அதாவது அந்த ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் பிழை, அவ்வளவுதான். "நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடுகிறவளுக்கு எங்கேயடி பிழை?" என்று கேட்டிருக்கிறாய். பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதன் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். எதற்குப் பின் எது என்பது டி.என்.ஏ.வில் இருக்கிறது, அதன் நகல் எம்.ஆர்.என்.ஏ. புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோம் அந்த நகலை மூன்று மூன்று எழுத்தாகப் படித்துக்கொண்டே நகரும். ஒவ்வொரு மூன்றுக்கும் உரிய அமினோ அமிலத்தை டி.ஆர்.என்.ஏ. என்ற சுமைதூக்கி கொண்டுவந்து சேர்க்கும். ஏ, யு, ஜி, சி என்று நாலே எழுத்து, அதில் இப்படி மூன்றெழுத்துச் சொற்கள், அதாவது கோடான்கள், 64. மூன்று மட்டும் 'நிறுத்து' என்பதற்கு. (ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009இல் நோபல் பெற்ற மூவரில் வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர். இதைச் சொன்னால்தான் கடைசி பெஞ்ச் நிமிரும்.)

அமினோ அமிலங்களோ 20தான். அதனால் ஜி.ஏ.ஜி. என்பது ஜி.ஏ.ஏ. ஆனாலும் அதே குளூட்டமிக் அமிலம்தான் வரும், ஒன்றும் தெரியாது. நடு எழுத்து யு ஆனால் வேலின் வந்துவிடும். பீட்டா சங்கிலியின் ஆறாம் இடத்தில் அப்படி ஆனதுதான் அரிவாள் செல் நோய்.

இடைவெளி விடாமல் 'மரம்பழம்தரும்' என்று எழுதிப் பார். 'ழ' போய் 'ண' வந்தால் மரம் பணம் தரும். தப்பு, ஆனால் வாக்கியம் நிற்கிறது. 'ர'வை எடுத்துவிட்டு மூன்று மூன்றாகப் படி: மம்ப, ழம்த, ரும். அதற்கப்புறம் எல்லாமே குப்பை. நம் நாட்டில் காணும் தலசீமியா பிழைகளில் ஒன்று இந்த வகைதான்: 8, 9ஆம் கோடான்களுக்கு நடுவே ஒரு ஜி கூடுதலாக நுழைந்துவிடும். இன்னொன்றில் 15ஆவது கோடான் யு.ஜி.ஜி., யு.ஏ.ஜி. ஆகி 'நிறுத்து' என்கிறது. 14 அமினோ அமிலத்தோடு சங்கிலி முடிந்துவிடும். இங்கே மிக அதிகமாகக் காண்பதோ நகலில் வேண்டாத பகுதியை வெட்டிவிட்டு மீதியை ஒட்டும் இடத்தில் ஒரு ஜி, சி ஆவது.

உன் பெண்ணுக்கு எதுவென்று ஜீன் டெஸ்ட்தான் சொல்லும். எதுவானாலும் அவளிடம் இன்னொரு நல்ல பிரதி இருக்கிறது, அது போதும். சிவப்பணு மட்டும் சிறுத்திருக்கும். அதைப் பார்த்து ரத்தசோகை என்று யாராவது இரும்பு மாத்திரை கொடுத்தால், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் பார்க்காமல் வாங்காதே.

என் கவலை அவளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையைப் பற்றித்தான். அவளுக்கு அத்தை மகன். "நாங்கள் நேமம், அவர்கள் வைரவன்கோவில், பங்காளி இல்லையே" என்கிறாய். நகரத்தாரின் கோவில் பிரிவு அப்பா வழியில் மட்டும் வரும், ஜீன் இரண்டு வழியிலும் வரும். உன் மாமனாருக்கோ மாமியாருக்கோ இது இருந்திருந்தால், உன் வீட்டுக்காரர் வழியாக உன் பெண்ணுக்கும், அவர் அக்கா வழியாகப் பையனுக்கும் வந்திருக்கலாம். முதலில் நீங்கள் இருவரும் டெஸ்ட் எடுங்கள். உன் வழி வந்ததென்றால் பாதி பாரம் குறையும். பையனுக்கு எப்படியும் எடுத்தே ஆகவேண்டும்.

அவனுக்கு இல்லையென்றால் தாராளமாக முகூர்த்தம் குறி. இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு தலசீமியா மேஜர். மாதாமாதம் ரத்தம் ஏற்றும் பிழைப்பு. மூன்றாம் மாத வாக்கிலேயே கருவைச் சோதித்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனாலும் பத்திரிகை அடிக்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது என்று திணறுகிறாய். மறைக்காதே. தாளையே கையில் கொடு. பெண்ணுக்குக் குறை என்று பேச்சை ஆரம்பிக்காமல், இது இரண்டு வீட்டிலும் ஓடியிருக்கலாம் என்று சொல். அப்படியும் முகம் சுளித்தால் எனக்குப் போன் போட்டுக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உமையாள்