ஈயச் சொம்பு வரவில்லை

பாபநாசம்
ஐப்பசி 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாப்பிள்ளையின் நண்பர் வந்து முறுக்கு டின்னையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் வாங்கிக்கொண்டு போனார். ரசம் வைக்க நீ கேட்ட ஈயச் சொம்பு அந்தப் பையில் இருக்காது. நான்தான் எடுத்து வைத்துவிட்டேன். அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

பாட்டியின் சொம்பு போன கதை உனக்குத் தெரியும். தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்துவிட்டு அம்மா வாசலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது பர்னர் மேல் வெள்ளிக் குழம்பு. சொம்பு செய்யும் வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். உனக்காகப் போன வாரம் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் புதிதாக ஒன்று வாங்கினோம்.

கையில் எடுத்ததுமே கனம் எனக்கு உறுத்தியது. முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன் சும்மா இருப்பேனா? தராசில் நிறுத்தேன்: 620 கிராம். நூலில் கட்டி வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தேன்: 544. தண்ணீரில் குறைந்த எடை 76. 620ஐ அதால் வகுத்தால் அடர்த்தி எட்டுக்கு மேல் வருகிறது. சுத்த வெள்ளீயம் என்றால் 7.3தான். காரீயம் 11.3. எதைக் கலந்திருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், காரீயம்தான் மலிவு. இரண்டுக்குமே தமிழில் ஈயம் என்று பெயர் இருப்பது கடைக்காரருக்கு நல்ல வசதி.

அந்தக் காலத்துப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியது களிம்பைத் தடுக்க. புளி பட்டால் பித்தளையில் இருக்கும் செம்பு கரையும். செம்பு உடம்புக்கு வேண்டியதுதான், நம் வரப்பு நண்டின் ரத்தம் நீலமாக இருப்பதே அதனால்தான். ஆனால் மிஞ்சினால் வாந்தி. காரீயம் அப்படி இல்லை. அதில் உடம்புக்கு வேண்டிய அளவு என்று ஒன்றே கிடையாது. ஆனால் உடம்பு அதைக் கால்சியம் என்று நம்பி எலும்பில் வருடக்கணக்கில் சேர்த்து வைக்கும். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காக உன் எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும்போது அதுவும் ரத்தத்தில் கூடவே இறங்கும். நஞ்சுக்கொடி அதை வடிகட்டாது.

ஒரு உலோகம் இன்னொன்றைப் போல உடம்பை ஏமாற்றுவது வேறு இடத்திலும் நடந்திருக்கிறது. ஜப்பானில் டோயாமா பக்கம், துத்தநாகச் சுரங்கத்துக் கழிவு ஜின்சூ ஆற்றில் கலந்து வயலுக்குப் பாய்ந்தது. அதில் இருந்தது காட்மியம், தனிம அட்டவணையில் துத்தநாகத்துக்கு நேர் கீழ் வீட்டுக்காரன். அந்த அரிசியைச் சாப்பிட்டு எலும்பு நொறுங்கியவர்களில் பெரும்பாலோர் பல பிள்ளை பெற்ற பெண்கள். நோய்க்குப் பெயரே 'இதாய் இதாய்', வலிக்கிறது வலிக்கிறது என்று அர்த்தம். 1968இல்தான் அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது.

நம் வயலில் அந்த வம்பு இல்லை, துத்தநாகமே போதவில்லை. பள்ளத்து வயலில் சம்பா நட்டு மூன்று வாரத்தில் அடி இலையெல்லாம் துருப்பிடித்தாற்போல் புள்ளி விழுந்து, பயிர் குட்டையாக நின்றுவிட்டது. குடமுருட்டி ஆற்றுத் தண்ணீர் நிற்க நிற்க, மண்ணில் துத்தநாகம் இருந்தும் வேருக்கு எட்டாது. ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட்டை மணலில் கலந்து நடவுக்கு முன்பே தூவியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் சொன்ன நான் என் வயலில் மறந்துவிட்டேன். இப்போது லிட்டருக்கு 5 கிராம் கரைத்துத் தெளித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று சிரிக்கிறார்.

நீயும் மறதிக்காரி என்பதால் சொல்கிறேன். இரும்பும் கால்சியமும் குறைந்த உடம்புதான் காரீயத்தை அதிகம் உறிஞ்சும். டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையை டிகிரி காபியோடு விழுங்காதே, இரும்பு பாதி வீணாகப் போகும். கால்சியம் மாத்திரையை வேறு வேளையில் போடு. ரசம் எவர்சில்வரிலும் கொதிக்கும். மணம் கொஞ்சம் குறைவுதான், பெருங்காயத்தைக் கூட்டிக்கொள்.

சனிக்கிழமை சொம்பைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போகிறோம். தராசையும் வாளியையும் அங்கே தூக்கிக்கொண்டு வரக்கூடாது என்று அம்மா, பேசாமலேயே, காலண்டர் தாளில் எழுதி என் கண்ணாடிக் கூட்டில் வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா