பில்லின் பின்பக்கக் கணக்கு

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை

பொருள்: 3 கிலோவாட் சோலாருடன் தவறான கணக்கு காட்டி பேட்டரி விற்றது குறித்து

ஐயா, வணக்கம்.

போன ஆடியில் காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு மாடியில் உங்கள் ஆட்கள் சோலார் போட்டார்கள். பேனலில் குறையில்லை. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் நான்கு டியூபுலர் பேட்டரிகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். விலை 68,000 ரூபாய்.

விற்க வந்த தம்பி எங்கள் கரண்ட் பில்லின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டார். பேட்டரியால் தினம் 7.2 யூனிட் மிச்சம், யூனிட் 11 ரூபாய், இரண்டரை வருடத்தில் போட்ட காசு வந்துவிடும். அந்தத் தாள் பத்திரமாக இருக்கிறது. முன்பக்கத்தைப் பார்த்திருந்தால் நாங்கள் இரண்டு மாதத்துக்கு 460 யூனிட்தான் செலவழிக்கிறோம் என்று தெரிந்திருக்கும். 11 ரூபாயெல்லாம் எங்களைவிட ரொம்ப அதிகமாகச் செலவழிக்கிறவர்கள் கட்டுவது.

12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்), நான்கு பேட்டரி. பெருக்கினால் 7,200 வாட்-அவர், அதாவது 7.2 யூனிட் வருகிறது, சரி. ஆனால் பாதிக்கு மேல் சார்ஜை இறக்கினால் பேட்டரி சீக்கிரம் போய்விடும் என்று டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வந்த உங்கள் மெக்கானிக்கே சொல்கிறார். அப்படியானால் 3.6 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் வருடத்துக்கு 9,200 ரூபாய்தான். போட்ட காசு வர ஏழு வருடத்துக்கு மேல் ஆகும். வாரண்டியோ ஐந்து வருடம்.

இதைவிட வயிற்றெரிச்சல், மிச்சமாகும் சோலார் கரண்டை ஈபிக்கு அனுப்பிக் கணக்கு வைக்கும் நெட் மீட்டர் விஷயம். "பேட்டரி இருக்கும்போது அது எதுக்கு சார், ஈபி ஆபீசுக்கு அலையணும்" என்றார் விற்க வந்த தம்பி. இப்போது பகல் பன்னிரண்டுக்கே பேட்டரி நிறைந்துவிடுகிறது. அப்புறம் சாயங்காலம் வரை பேனல் சும்மா வெயில் காய்கிறது. நெட் மீட்டர் இருந்தால் அந்த யூனிட்டெல்லாம் பில்லில் கழிந்திருக்கும். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு தரும் 78,000 ரூபாய் மானியமும் நெட் மீட்டர் வைத்தவர்களுக்குத்தான். அதை அவர் வாய் திறந்து சொல்லவில்லை.

மாங்காய் சீசனில் காற்றடித்துக் கரண்ட் போனபோது இரண்டு ஃபேனும் லைட்டும் ஓடின, இல்லையென்று சொல்லவில்லை. அதற்கு ஒரு பேட்டரி போதும்.

மூன்று பேட்டரிகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு, உபயோகித்த காலத்துக்குக் கழித்து மீதிப் பணத்தைக் கொடுங்கள். நெட் மீட்டருக்கு உங்கள் செலவில் விண்ணப்பியுங்கள். 15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில்லின் இரண்டு பக்கமும் நகலெடுத்து இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்