ஏற்காட்டு ஜெர்மன் ஓவியம்: பின்பக்கம் பார்த்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏற்காட்டில் பழைய எஸ்டேட் பங்களா கைமாறும்போது கட்டில், பீரோவோடு சுவரில் தொங்கும் படங்களும் விலைக்கு வருகின்றன. ‘ஜெர்மன்காரர் வரைந்தது, உலகம் மறந்துபோன ஓவியர்’ என்று சொல்லி விலையை ஏற்றுவதும் உண்டு. மறக்கப்பட்டவர் என்றால் தடயமே இல்லாதவர் என்று ஆகிவிடாது.

உதாரணத்துக்கு, லோட்டே லாசெர்ஸ்டைன் என்ற பெண் ஓவியர். 1898-இல் அன்றைய ஜெர்மனியின் கிழக்குப் பிரஷ்யாவில் பிறந்து பெர்லினில் ஓவியம் பயின்றவர். யூத வம்சாவளி என்பதால் நாஜி ஆட்சியில் கண்காட்சி வைக்க வழியில்லாமல் போனது. 1937-இல் ஸ்டாக்ஹோமில் கண்காட்சி என்ற பெயரில் தன் படங்களோடு கிளம்பியவர் திரும்பவே இல்லை. தாயார் நாஜிக்களின் ராவென்ஸ்ப்ரூக் வதைமுகாமில் இறந்தார். ஸ்வீடனில் வயிற்றுப்பாட்டுக்கு உருவப்படம் வரைந்துகொண்டிருந்தவரை 1987-இல் லண்டன் கண்காட்சி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1930-இல் மரப்பலகையில் அவர் தீட்டிய போட்ஸ்டாம் மாலைக் காட்சியை 2010-இல் பெர்லின் தேசியக் காட்சியகம் வாங்கியது. உலகம் அவரை மறந்திருந்த காலம் முழுக்க அந்தப் படம் அவரிடமே இருந்தது. விற்பவரிடம் கேட்க வேண்டியது இந்த மாதிரியான பதில்தான். குறிப்பாக நாஜி ஆட்சி நடந்த 1933 முதல் 1945 வரை படம் யார் கையில் இருந்தது? பதில் வராவிட்டால், நாஜிக்கள் பறித்த கலைப்பொருட்களுக்கு ஜெர்மனி நடத்தும் இணையப் பட்டியலில் தேடுங்கள், கட்டணம் இல்லை.

அதற்கும் முன்னால், அது ஓவியம்தானா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த அச்சுப்படங்கள் ஏராளம். மேலே வார்னிஷ் அடித்து, கித்தான் (கேன்வாஸ் துணி) போல வரிவரியாக அழுத்தியும் விட்டார்கள். 10 மடங்கு லென்ஸில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். தூரிகை மேடு உருவத்தின் வளைவோடு போக வேண்டும். வானம், முகம், மரம் எல்லாவற்றிலும் ஒரே வரி ஓடினால் அது எந்திரத்தின் வேலை. கையெழுத்தை நம்பாதீர்கள், அதைப் பிற்பாடு யாரும் போடலாம்.

பிறகு படத்தைத் திருப்புங்கள். கடைச் சீட்டு, ஏல எண், பென்சில் குறிப்பு எல்லாம் பின்னால்தான் இருக்கும். ஓவியர் பெயருக்கு முன்னால் ‘நாஹ்’ என்ற ஜெர்மன் சொல் இருந்தால், அவர் படத்தைப் பார்த்து வேறொருவர் வரைந்த நகல். நம் ஊர் பிரேம் கடைகளில் முதல் வேலையே பழைய பின்காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புது ஹார்டுபோர்டு அடிப்பதுதான். அந்தக் காகிதத்தோடு பாதி மதிப்பும் குப்பைக்குப் போகிறது.

அழுக்கு எடுக்கிறேன் என்று ஈரத்துணி, உருளைக்கிழங்கு, எண்ணெய் எதையும் படத்தின் மேல் வைக்க வேண்டாம். மலையின் ஈரத்தில் கித்தான் தொய்ந்திருக்கும். சேலத்து வெயிலில் சட்டென்று காய்ந்தால் பழைய வண்ணம் செதில் செதிலாக உதிரும். அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, அட்டை வைத்து, நிமிர்த்தியே கொண்டுவந்து, ஒரு நாள் கழித்துப் பிரியுங்கள். குமிழ் பிளாஸ்டிக் வண்ணத்தைத் தொட்டால் வட்டத் தழும்பு விழும்.

100 ஆண்டு கடந்த ஓவியம் என்றால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ‘லண்டனில் ஏலம் விடலாம்’ என்று ஆசை காட்டுகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓவியப் பராமரிப்பாளர்கள்,
அஸ்தம்பட்டி, சேலம்.